உங்க ப்ளட் குரூப்புக்குப் பின்னால் ஒரு வியன்னா டாக்டர்!

டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கு, காலேஜ் ஐடி கார்டுல இருக்கு. உங்க ப்ளட் குரூப் என்னனு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. ஆனா, 1900-க்கு முன்னாடி அப்படி ஒண்ணு இருக்குறதே யாருக்கும் தெரியாது. ரத்தம் ஏத்துனா சிலர் பிழைச்சாங்க, சிலர் இறந்துபோனாங்க. ஏன்னு டாக்டர்களுக்கே புரியலை.

அதைப் புரியவைத்தவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். 1868 ஜூன் 14-ல் ஆஸ்திரியாவில் பிறந்தார். பத்திரிகையாளரான அப்பா, மகனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே இறந்துட்டார். வளர்த்தது அம்மாதான். வியன்னாவில் டாக்டருக்குப் படித்த கார்ல், லேபே கதினு கிடந்தார். ஆயிரக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளும் செய்தார்.

ஒருவர் ரத்தத்தோடு இன்னொருவர் ரத்தம் சேர்ந்தால் சில நேரம் கட்டி கட்டியா ஒட்டிக்கும். அது நோயோட அறிகுறினு பலர் நினைச்சாங்க. கார்லுக்குச் சந்தேகம். தன் ரத்தத்தையும், கூட வேலைபார்த்த ஆரோக்கியமான ஐந்து பேரின் ரத்தத்தையும் எடுத்தார். சிவப்பணுக்களையும் சீரத்தையும் பிரித்து, மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில ஜோடிகள் ஒட்டின, சில ஒட்டவில்லை. அப்போ இது நோய் இல்லை, பிறவியிலேயே வர்ற வித்தியாசம்! 1901-ல் மூன்று வகைகளை அறிவித்தார். இன்றைய ஏ, பி, ஓ அதுதான். அடுத்த வருடமே மற்றவர்கள் ஏபி வகையைக் கண்டுபிடித்தார்கள். அம்மாகிட்டயிருந்து ஒண்ணு, அப்பாகிட்டயிருந்து ஒண்ணுனு இது பரம்பரையா வருதுங்கறதும் பிறகு உறுதியானது.

இவ்வளவு பெரிய விஷயத்தை உலகம் உடனே கொண்டாடலை. முதல் உலகப்போர் முடிந்ததும் வியன்னாவில் பஞ்சம். குடும்பத்தோடு நெதர்லாந்து போனார், பிறகு நியூயார்க். நோபல் பரிசு வந்தது 1930-ல்தான். அப்பவும் அவர் ஓயலை. 1940-ல் அலெக்ஸாண்டர் வீனரோடு சேர்ந்து ஆர்.ஹெச் காரணியை அறிவித்தார். உங்க குரூப்புக்குப் பின்னாடி வர்ற பாசிட்டிவ், நெகட்டிவ் அதுதான். அப்போ அவருக்கு வயசு 70-ஐத் தாண்டியிருந்தது.

1943 ஜூனில் லேபில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பு. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது.

ஜூன் 14-ஐ உலக ரத்த தான தினமா கொண்டாடுறோமே, அது இவர் பிறந்தநாள். அடுத்த தடவை ரத்தம் கொடுக்கப் போறப்போ, உங்க குரூப்பைக் கேட்டு எழுதுவாங்க இல்லையா? அந்த ஒரு கேள்விதான் இன்னைக்கும் பல உயிர்களைக் காப்பாத்துது.