ரத்தப் புற்றுநோய் பறித்த மனைவி: மொத்த சொத்தையும் எழுதி வைத்த தோராப்ஜி டாடா

புதுச்சேரி:

ஏ.எப்.டி. மில் சங்கை வைத்து நேரம் சொன்னவர்கள் இன்னும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். பஞ்சாலைகளுக்குப் பேர் போன இதே புதுச்சேரிக்கு, 1880-களில் பம்பாயில் இருந்து ஒரு இளைஞர் வந்தார். அப்போது இது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இங்கே ஒரு பஞ்சாலை வைத்தால் கட்டுப்படியாகுமா என்று பார்த்து வரும்படி அப்பா அனுப்பி இருந்தார். அப்பா பெயர் ஜாம்ஷெட்ஜி டாடா. பார்க்க வந்த மகன் தோராப்ஜி டாடா.

டாடா மில் இங்கே வரவில்லை. தோராப்ஜி நாக்பூரில் இருந்த அப்பாவின் எம்ப்ரஸ் மில்லுக்கு தொழில் கற்கப் போய்விட்டார்.

டாடா என்றால் நமக்கு உப்பு தெரியும், லாரி தெரியும், டீத்தூள் தெரியும். மும்பை பரேலில் இருக்கும் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரியும் பலருக்குத் தெரியும். நாடு முழுவதும் இருந்து ஏழைகள் ரெயில் ஏறிப் போகும் ஆஸ்பத்திரி அது. அதன் பின்னால் மனைவியைப் பறிகொடுத்த ஒரு கணவனின் கதை இருக்கிறது என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

நம்ம தொழில்காரர்

தோராப்ஜி பிறந்தது 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு பம்பாய் திரும்பி 1882-ல் பி.ஏ. முடித்தார். முடித்த கையோடு அப்பாவின் கம்பெனியில் போய் உட்காரவில்லை. 'பாம்பே கெஜட்' பத்திரிகையில் 2 வருடம் நிருபர் வேலை பார்த்தார். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை செய்தி எழுதி இருக்கிறார் என்பதில் எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அப்பா மைசூர் பக்கம் போனபோது அங்கே கல்வித்துறையில் பெரிய பொறுப்பில் இருந்த பாபா என்ற பார்சிக்காரரோடு பழக்கம் ஏற்பட்டது. அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வா என்று மகனிடம் சொல்லி வைத்தார். பெரியவர்கள் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா! அந்த வீட்டுப் பெண்தான் மெஹர்பாய். 1898-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந்தேதி கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 38, பெண்ணுக்கு 18.

இருபது வயது வித்தியாசம். அந்தக் காலத்திலும் பேச்சுக்கு இடம் கொடுக்கும் வித்தியாசம்தான். ஆனா கடைசி வரை இருவரும் ஒன்றாகவே திரிந்தார்கள். குழந்தை இல்லை.

சேலை கட்டி டென்னிஸ்

மெஹர்பாய் வீட்டுக்குள் அடங்கி இருந்தவர் இல்லை. குதிரை ஓட்டுவார். பியானோ வாசிப்பார். டென்னிஸ் ஆட்டத்தில் புலி. அதுவும் பார்சி முறையில் சேலை கட்டிக்கொண்டுதான் களத்தில் இறங்குவார். அறுபதுக்கும் மேற்பட்ட பரிசுகள் வாங்கியவர். 1924-ல் பாரீஸ் ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய டென்னிஸ் அணியில் அவர் பெயர் இருந்தது. விளையாட்டு என்றால் கணவருக்கும் உயிர். 1920-ம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய வீரர்களை அனுப்ப தன் கைக்காசைக் கொடுத்தவர் தோராப்ஜி.

பெண்கள் படிக்க வேண்டும், பர்தா முறை போக வேண்டும், சின்னப் பெண்களுக்கு கல்யாணம் செய்யக்கூடாது என்று மேடைக்கு மேடை பேசினார் மெஹர்பாய். 1927-ல் அமெரிக்கா போயும் இதைத்தான் பேசினார். பெண்ணுக்கு குறைந்தது 14 வயது ஆகி இருக்க வேண்டும் என்று 1929-ல் வந்த சாரதா சட்டத்துக்காக குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

245 காரட் வைரம்

கல்யாணமான 2 வருடத்தில் மனைவிக்கு தோராப்ஜி ஒரு வைரம் வாங்கிக் கொடுத்தார். பெயர் ஜூபிலி வைரம். தென் ஆப்பிரிக்காவில் தோண்டி எடுத்தது. எடை 245.35 காரட். இப்போது லண்டனில் இருக்கும் கோஹினூரை விட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. பிளாட்டினம் சங்கிலியில் கோர்த்து விசேஷ நாட்களில் மட்டும் அணிவார் மெஹர்பாய். ஒவ்வொரு தடவை அதை பெட்டகத்தில் இருந்து வெளியே எடுக்கும்போதும் இன்சூரன்சு கம்பெனிக்கு தனியாக பணம் கட்ட வேண்டி இருந்ததாகச் சொல்வார்கள்.

அந்த வைரமும் ஒருநாள் அடகுக்குப் போனது.

முதல் உலகப்போருக்குப் பிறகு ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலை படுத்துவிட்டது. விலைவாசி ஏற்றம், வெளிநாட்டு இரும்போடு போட்டி, வேலைநிறுத்தம் என்று அடி மேல் அடி. 1924-ல் தொழிலாளர்களுக்கு சம்பளம் போடக்கூட கையில் காசு இல்லை என்று ஆலையில் இருந்து தந்தி வந்தது. அப்பா கனவு கண்ட ஆலை. மாட்டு வண்டியில் காடு மேடெல்லாம் அலைந்து இரும்புத் தாது தேடியவர் தோராப்ஜி. விட மனசு வருமா? தன் சொந்த சொத்து முழுவதையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன. ஜூபிலி வைரமும் சேர்ந்தது.

கம்பெனி பிழைத்தது. கடன் அடைந்தது. வைரமும் திரும்பி வந்தது.

மருந்தே இல்லாத நோய்

சம்பளம் போட கைகொடுத்த சொத்து, சில வருடத்தில் வந்த இன்னொரு ஆபத்துக்கு ஒன்றுமே செய்ய முடியவில்லை. மெஹர்பாய்க்கு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தது.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் ரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. இந்த நோயில் கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். கட்டி என்றால் அறுத்து எடுக்கலாம். ரத்தத்தில் ஓடுவதை எதை வைத்து அறுப்பது? 1931-ல் இதைக் குணமாக்க உலகத்தில் எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை. இந்த நோய் கண்ட குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து தற்காலிகமாகவாவது நோயை அடக்க முடியும் என்று அமெரிக்காவில் பாஸ்டன் டாக்டர்கள் காட்டியதே 1948-ல்தான். இன்று இதே நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களை, முறையான சிகிச்சை கிடைத்தால் காப்பாற்றி விடுகிறார்கள்.

இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் பகுதியில் ரூதின் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு மருத்துவமனையில் 1931-ம் ஆண்டு ஜூன் 18-ந்தேதி மெஹர்பாய் இறந்தார். வயது 51 தான். லண்டனுக்கு அருகே புரூக்வுட் என்ற இடத்தில் பார்சிகளுக்கு உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

தன்னை விட இருபது வயது சின்னவள் தனக்கு முன்னால் போவாள் என்று எந்தப் புருஷன் நினைப்பான்? 71 வயதில் தனியாக நின்றார் தோராப்ஜி.

எங்கள் பெரியப்பா ஞாபகம் வருகிறது. பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் போன பிறகு, ஸ்கேன் கவரையும் மருந்துச் சீட்டையும் பல வருடம் பீரோவிலேயே வைத்திருந்தார். யாரையும் தொட விடமாட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவை வைத்துக் கொள்கிறார்கள்.

எல்லாம் எழுதி வைத்தார்

தோராப்ஜி செய்தது வேறு. 1932-ம் ஆண்டின் முதல் சில மாதங்களில் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மனைவி பெயரில் ஒரு அறக்கட்டளை. அதன் வேலை ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது. வருமானத்தின் பெரும்பகுதி எந்த நாட்டு விஞ்ஞானி ஆராய்ச்சி செய்தாலும் அவருக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. தன் மனைவிக்கு வந்த நோய்க்கு நாடு, ஜாதி கிடையாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பெண்கள் வெளிநாடு போய் சுகாதாரம், சமூக சேவை படிக்க மெஹர்பாய் பெயரிலேயே இன்னொரு அறக்கட்டளையும் அதே ஆண்டில் வந்தது.

மீதி சொத்து மொத்தமும் தன் பெயரிலான அறக்கட்டளைக்குப் போனது. கம்பெனி பங்குகள், நிலம், முத்து பதித்த டை பின், மனைவி கழுத்தில் கிடந்த ஜூபிலி வைரம் எல்லாம் அதில் அடக்கம். தனக்கென்று எதையும் வைத்துக் கொள்ளவில்லை.

பிறகு கப்பல் ஏறினார். மனைவியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அவரது கல்லறைக்குப் போய் நிற்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். வழியில் ஜெர்மனியில் பாட் கிசிங்கன் என்ற ஊரில் தங்கினார். அங்கே ஜூன் 3-ந்தேதி உயிர் பிரிந்தது. நினைவு நாளுக்கு இன்னும் 15 நாள்தான் பாக்கி இருந்தது.

அவர் உடலை புரூக்வுட்டுக்குக் கொண்டு போனார்கள். மனைவி பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

1937-ல் ஜூபிலி வைரத்தை அறக்கட்டளை விற்றது. பாரீசைச் சேர்ந்த ஒரு தொழில் அதிபர் வாங்கினார். வெளிநாட்டில் இருப்பது போல புற்றுநோய்க்கென்றே இந்தியாவில் ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று தோராப்ஜி ஆசைப்பட்டிருந்தார். அதை முடித்து வைக்க மேலும் 4 வருடம் பிடித்தது. 1941-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி பரேலில் டாடா நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

1957-ல் மத்திய சுகாதாரத்துறை அதை ஏற்றது. 1962-ல் அணுசக்தித் துறைக்கு மாற்றினார்கள். புற்றுநோய்க்கு கதிர்வீச்சு சிகிச்சை முக்கியம் என்பதால் இந்த மாற்றம். அப்போது அணுசக்தித் துறைக்குத் தலைமை வகித்தவர் விஞ்ஞானி ஹோமி பாபா. மெஹர்பாயின் உடன்பிறந்த சகோதரரின் மகன் அவர். தன் அத்தைக்காகப் பிறந்த ஆஸ்பத்திரியைத்தான் அவர் பொறுப்பெடுத்துக் கொண்டார்.