கணித மேதை லியோனார்டு ஆய்லரும் பகுதி வகையிடலும்

பல்கலைக்கழகத்தில் அறிவியல், பொறியியல், பொருளியல் எதைப் படித்தாலும் ஒரு கட்டத்தில் நம் எதிரே வந்து நிற்கும் பாடம் பகுதி வகையிடல். ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் நாம் கற்ற வகையிடலில் ஒரே ஒரு மாறிதான் உண்டு. இங்கோ இரண்டு, மூன்று, சில வேளைகளில் பத்து மாறிகள். ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாத எண்களாகக் கருதிக்கொண்டு வகையிட வேண்டும் என்பதே விதி. சீனியர்களிடமிருந்து பழைய தேர்வுத்தாள்களை வாங்கி நகலெடுத்து, இந்த விதியை மனனம் செய்து, தேர்விலும் தேறிவிடுகிறோம். வந்த விடைக்கு என்ன பொருள் என்று கேட்டால் மட்டும் பலருக்கும் பதில் வருவதில்லை. எண்களைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பிறகு ஆங்கில விரிவுரையில் வந்து அமரும் என்னைப் போன்றவர்களுக்கு, பொருளை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொள்வது எளிய வழியாகவே தோன்றும்.

இந்தப் பாடத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான லியோனார்டு ஆய்லரின் வாழ்க்கையைப் படித்தபோது, அவர் அந்த எளிய வழியில் நடந்தவர் அல்லர் என்பது எனக்குப் புரிந்தது. அதை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். தந்தை பால் ஆய்லர் ஒரு பாதிரியார். மகனும் தம்மைப் போலவே பாதிரியாராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆயினும் அவர் தம் இளமையில் புகழ்பெற்ற கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலியின் விரிவுரைகளைக் கேட்டவர் என்பதால், மகனுக்கு முதல் கணிதப் பாடத்தைத் தாமே கற்பித்தார். பதின்மூன்று வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சிறுவன், யாக்கோபின் தம்பியான யோகான் பெர்னூலியிடம் போய் நின்றான். தனியாகப் பாடம் நடத்தத் தமக்கு நேரமில்லை என்று யோகான் சொல்லிவிட்டார். கடினமான நூல்களைத் தானே படித்து, புரியாத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் கொண்டுவரலாம் என்று மட்டும் அனுமதி தந்தார். வாரம் முழுவதும் தானே முட்டி மோதிய பிறகு ஒரு பிற்பகல் மட்டும் ஆசிரியர். இன்றைய டுடோரியல் வகுப்புகள் இதற்காகத்தான் ஏற்பட்டன. நாம் அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த மாணவனின் ஆற்றலை உணர்ந்த யோகானே தந்தையிடம் பேசி, மகனைக் கணிதத்திற்கு விட்டுக்கொடுக்கச் செய்தார்.

பாசல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது ஆய்லருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பதவி கிடைக்கவில்லை. யோகானின் மகன் டேனியல் பெர்னூலி ரஷ்யாவில் இருந்துகொண்டு அவரை அழைத்தார். 1727 மே மாதம் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். அதே மாதத்தில்தான், அங்கிருந்த அறிவியல் கழகத்தை ஆதரித்துவந்த பேரரசி முதலாம் கத்தரீன் காலமானார். இத்தகைய தொடக்கம் யாரையும் கலங்கச் செய்திருக்கும். ஆய்லர் தங்கினார். 1733-இல் டேனியல் பாசலுக்குத் திரும்பியதும் கணிதப் பேராசிரியர் பதவி இவருக்கு வந்தது. அடுத்த ஆண்டு கத்தரீனா கெசல் என்பவரை மணந்தார். பதின்மூன்று குழந்தைகள் பிறந்தனர்; பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஐவர் மட்டுமே.

நம் பாடம் தொடங்குவது இந்தக் காலத்தில்தான். 1734-இல், ஒரே வகையைச் சேர்ந்த எண்ணற்ற வளைகோடுகளைப் பற்றி ஆய்லர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வளைகோட்டின் மீது நகர்வது ஒரு மாற்றம். அந்த வளைகோட்டை விட்டு அதே குடும்பத்தின் அடுத்த வளைகோட்டுக்குத் தாவுவது இன்னொரு மாற்றம். இவ்விரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. ஒன்றை நிறுத்தி வைத்து மற்றொன்றை நகர்த்திப் பார்க்கும் முறை இப்படி ஒரு தேவையிலிருந்து பிறந்தது. முதலில் ஒரு மாறியால் வகையிட்டுப் பிறகு மற்றொன்றால் வகையிட்டாலும், வரிசையை மாற்றிச் செய்தாலும் ஒரே விடை வரும் என்பதையும் அக்கட்டுரையில் அவர் காட்டினார். அதே காலத்தில் பிரான்சின் கிளேரோவும் இம்முடிவை எட்டியதால், நம் பாடநூல்கள் சிலவற்றில் இது கிளேரோ தேற்றம் என்றே வழங்குகிறது. இது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைச் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1873-இல்தான் ஐயமறத் தெளிவுபடுத்தினார். ஆய்லர் காலத்தில் அந்த அளவு கறார்த்தன்மை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைச் சற்று விளக்க ஒரு பால் டின்னை எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் தேநீருக்கு வாங்கும் அதே சுண்டிய பால் டின்தான். அது ஓர் உருளை. தமிழ்ப்பள்ளியில் நாம் வட்டமாகப் பார்த்த அடிப்பாகத்தின் பரப்பளவை உயரத்தால் பெருக்கினால் அதன் கொள்ளளவு கிடைக்கும். அதாவது பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம் பெருக்கல் உயரம். கணக்கு எளிதாக இருக்க ஆரம் 4 சென்டிமீட்டர், உயரம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 128 பை, ஏறக்குறைய 402 கன சென்டிமீட்டர்.

இப்போது ஆரத்தை மாறாமல் நிறுத்தி, உயரத்தைப் பொறுத்து வகையிடுங்கள். விடை பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். நம் டின்னுக்கு 16 பை. அது என்ன? டின்னின் மூடியின் பரப்பளவு! உயரத்தைக் கூட்டினால் மூடிக்கு மேல் ஒரு மெல்லிய வட்டத் தகடுதான் சேர்கிறது. அடுத்து உயரத்தை நிறுத்தி ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் வருவது இரண்டு பை பெருக்கல் ஆரம் பெருக்கல் உயரம். நம் டின்னுக்கு 64 பை. அது டின்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் தாளின் பரப்பளவு. ஆரத்தைக் கூட்டினால் சுற்றிலும் ஒரு மெல்லிய உறை சேர்கிறது. ஆகவே உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் ஏறத்தாழ 5 கன சென்டிமீட்டர் அதிகமாகும். ஆரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் ஏறத்தாழ 20. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய என் அம்மாவிடம் சென்ற விடுமுறையில் இதைக் காட்டினேன். எந்தச் சூத்திரமும் இல்லாமல், சுற்றிவரச் சேர்ப்பதுதான் அதிகம் பிடிக்கும் என்று டின்னைக் கையில் எடுத்த உடனேயே சொல்லிவிட்டார்.

இன்னும் ஒரு படி போகலாம். மூடியின் பரப்பளவை ஆரத்தால் வகையிட்டால் இரண்டு பை பெருக்கல் ஆரம். உறையின் பரப்பளவை உயரத்தால் வகையிட்டாலும் அதே இரண்டு பை பெருக்கல் ஆரம். இரண்டுமே மூடியின் சுற்றளவு. 1734-இல் ஆய்லர் காட்டிய வரிசை மாற்றம் இதுதான்.

1738-இல் ஆய்லரின் வலக்கண் பார்வை போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் கடும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தவர் அவர். நிலவரைபட வேலையில் கண்களை வருத்தியதே காரணம் என்று அவர் நம்பினார். எப்படியாயினும் வேலை நிற்கவில்லை. 1741-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்றுப் பெர்லினுக்குக் குடிபெயர்ந்து, அங்கே 25 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பெர்லின் ஆண்டுகளில்தான் பகுதி வகையிடல் உலகத்தின் மீது கை வைத்தது. 1747-இல் பிரான்சின் தலாம்பேர், அதிரும் தந்தி ஒன்றின் அசைவைப் பகுதி வகைக்கெழுக்கள் கொண்ட சமன்பாடாக எழுதினார். தந்தியின் ஒவ்வொரு புள்ளியும் இடத்தைப் பொறுத்தும் மாறுகிறது, நேரத்தைப் பொறுத்தும் மாறுகிறது. எனவே இரண்டு மாறிகள். தந்தியை முதலில் எந்த வடிவில் இழுத்துவிடலாம் என்பதில் இருவருக்கும் சச்சரவு மூண்டது. ஒரே சூத்திரத்தில் எழுதக்கூடிய வடிவமாக இருக்க வேண்டும் என்றார் தலாம்பேர். விரலால் இழுக்கும் தந்தி சூத்திரம் பார்த்தா வளைகிறது, கையால் வரையக்கூடிய எந்த வடிவமும் ஆகலாம் என்பது ஆய்லரின் கட்சி. இதில் ஆய்லர் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் 1753-இல் டேனியல் பெர்னூலி குறுக்கிட்டு, எல்லா அசைவுகளையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றபோது ஆய்லர் அதைப் பொதுத் தீர்வாக ஏற்க மறுத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் பூரியேயின் ஆய்வு டேனியலின் எண்ணத்துக்கே வலு சேர்த்தது.

1755-இல் வகை நுண்கணிதத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளியானது. அதன் முதற்பகுதியில் ஏழாம் அத்தியாயம் முழுவதும் இரண்டும் அதற்கு மேற்பட்டும் மாறிகள் கொண்ட சார்புகளைப் பற்றியது. சமபடித்தான சார்புகளுக்கான ஆய்லர் தேற்றத்தை அங்கே காணலாம். மீண்டும் நம் டின்னுக்கு வாருங்கள். ஆரத்தை அதன் பகுதி வகைக்கெழுவால் பெருக்கினால் 4 பெருக்கல் 64 பை, அதாவது 256 பை. உயரத்தை அதன் பகுதி வகைக்கெழுவால் பெருக்கினால் 8 பெருக்கல் 16 பை, அதாவது 128 பை. கூட்டினால் 384 பை. அது கொள்ளளவான 128 பையின் சரியாக மூன்று மடங்கு. ஏன் மூன்று? எல்லா நீளங்களையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு இரண்டின் மூன்றாம் அடுக்கு மடங்கு, அதாவது எட்டு மடங்கு ஆகிறது. அந்த மூன்றுதான் இந்த மூன்று. பொருளியல் படிக்கும் நண்பர்கள், உற்பத்தியை உழைப்புக்கும் மூலதனத்துக்கும் பங்கிடும் பாடத்தில் இதே தேற்றத்தைச் சந்திப்பார்கள்.

அதே 1755-இல் நீர், காற்று போன்ற பாய்மங்களின் இயக்கத்தைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதி அவர் கழகத்தில் சமர்ப்பித்தார். கட்டுரை 1757-இல் அச்சேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேவியரும் ஸ்டோக்சும் அதில் பாகுநிலையைச் சேர்த்தனர். அந்தச் சமன்பாட்டைப் பற்றிய அடிப்படைக் கேள்வி ஒன்றுக்குத்தான் 2000-ஆம் ஆண்டு கிளே கணிதக் கழகம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

அரசவையில் மட்டும் ஆய்லருக்கு மதிப்பு வாய்க்கவில்லை. பிரடெரிக் மன்னர் விரும்பியது நாவன்மையும் நகைச்சுவையும் மிக்க மேதாவிகளை. ஆய்லரோ எளிமையான, கடவுள் பக்தி மிக்க குடும்பத்தலைவர். அவருடைய ஒற்றைக் கண்ணைக்கூட மன்னர் கேலி செய்தார். கழகத் தலைவர் மோபெர்த்துயி 1759-இல் மறைந்த பிறகு வேலைகளையெல்லாம் ஆய்லரே கவனித்தார். பதவியை மட்டும் மன்னர் தரவில்லை. 1763-இல் அதைத் தலாம்பேருக்குத் தர முன்வந்தார். ஆய்லரோடு ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட அதே தலாம்பேர், ஆய்லருக்கு மேல் ஒருவரை அமர்த்துவது முறையன்று என்று மறுத்துவிட்டார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்த இடம் இது.

1766-இல் பேரரசி இரண்டாம் கத்தரீனின் அழைப்பில் ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். விரைவில் இடக்கண்ணையும் புரை மறைத்தது. 1771-இல் அறுவை சிகிச்சையால் சிறிது காலம் பார்வை மீண்டு, கிருமித்தொற்றால் மறுபடி போய்விட்டது. அதே ஆண்டு அவர் வீடு தீக்கிரையானது. பாசல் ஊர்க்காரரான பீட்டர் கிரிம் என்ற கைவினைஞர் உள்ளே ஓடி அவரைத் தூக்கி வந்தார். 1773-இல் மனைவியும் காலமானார்.

பார்வையிழந்த ஒருவர் இத்தனை மாறிகள் கொண்ட கணக்கை எப்படிச் செய்வார்? எவற்றை நிறுத்தினோம், எதை நகர்த்துகிறோம் என்பதை மனத்திலேயே வைத்திருந்தார். மகன் யோகான் ஆல்பிரெக்ட், லெக்செல், ஃபூஸ் முதலியோர் அவர் சொல்லச் சொல்ல எழுதினர். 1775-இல் மட்டும் ஏறக்குறைய வாரம் ஒரு கட்டுரை முடித்தார். இயற்கணிதத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் சொல்லி எழுதவைத்த நூலை எழுதியவர், முன்பு தையல்காரரிடம் தொழில் பழகிய ஓர் இளைஞர். கணிதம் அறியாத அவர், எழுதி முடிக்கும்போது இயற்கணிதக் கணக்குகளைத் தாமே செய்யும் நிலைக்கு வந்துவிட்டார் என்று அந்நூலின் முன்னுரை தெரிவிக்கிறது. நூறு பக்கச் சூத்திரங்களை விட இந்த ஒரு செய்தி ஆய்லரின் பெருமையை எனக்கு உணர்த்துகிறது.

நாம் இன்று எழுதும் அந்த வளைந்த 'டி' குறியீடு ஆய்லருடையது அன்று. அவர் சாதாரண வகைக்கெழுவை அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் பகுதி வகைக்கெழுவைக் காட்டினார். வளைந்த குறியீட்டை லெஜாந்தர் 1786-இல் பயன்படுத்தினார். யாக்கோபி 1841-இல் அதை நிலைநாட்டினார். அதற்குள் ஆய்லர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

1783 செப்டம்பர் 18 அன்று காலையில் பேரக்குழந்தை ஒருவருக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவ்வாண்டு பிரான்சில் புதிதாக வானில் ஏறிய வெப்பக்காற்றுப் பலூன்களின் இயக்கத்தைக் கணக்கிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி லெக்செலோடு உரையாடினார். மாலையில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அவருக்கு அப்போது வயது 76. மேசையில் குவிந்து கிடந்த கட்டுரைகளை அச்சிட்டு முடிக்கப் பீட்டர்ஸ்பர்க் கழகத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.