மூங்கில், பட்டுத்துணி, சின்ன இன்ஜின்: வீட்டில் விமானம் கட்ட உலகுக்கே வழி சொன்ன சாண்டோஸ் டூமோன்ட் யார்?

கொச்சியில் வேலை பார்ப்பவர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கும்பளங்கி பக்கம் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது காயலோரத்தில் நிற்கும் சீன வலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீளமான கழிகள், இழுத்துக் கட்டிய கயிறுகள், விரித்த வலை, எதிர் எடைக்குத் தொங்கும் கற்கள். அவ்ளோதான். அழுத்தத்தைக் கழி தாங்குகிறது, இழுவையைக் கயிறு தாங்குகிறது.

இதே கணக்கை வைத்து 1907-ல் பாரிஸில் ஒருவர் விமானம் கட்டினார். அதன் வரைபடத்தைக் காப்புரிமை எதுவும் வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தார். அவர் பெயர் அல்பர்ட்டோ சாண்டோஸ் டூமோன்ட்.

வீட்டில் விமானம் கட்டும் ஆசை கேரளாவுக்குப் புதுசு இல்லை. தொடுபுழாவைச் சேர்ந்த, காது கேட்காத, பேச இயலாத ஒருவர் சொந்தமாகக் கட்டிய சிறு விமானம்தான் 2017-ல் வந்த 'விமானம்' என்ற மலையாளப் படத்துக்குத் தூண்டுதல். இந்த ஆசைக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்க மனிதரின் கதை இது.

காபித் தோட்டத்தில் தொடங்கிய வாழ்க்கை

சாண்டோஸ் டூமோன்ட் 1873 ஜூலை 20 அன்று பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா ஹென்ரிக் பொறியாளர். பின்னாளில் பெரிய காபித் தோட்ட முதலாளி. காபிக்கொட்டையைப் பதப்படுத்த இயந்திரங்கள், மூட்டைகளை ஏற்றிச்செல்லத் தனி ரயில் பாதை என்று அந்தத் தோட்டமே ஒரு தொழிற்சாலை போல இருந்தது. பையன் பன்னிரண்டு வயதிலேயே ரயில் இன்ஜினை ஓட்டப் பழகிவிட்டான். மீதி நேரத்தில் ஜூல்ஸ் வெர்ன் நாவல்கள்.

ஒரு விபத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சிகிச்சைக்காகக் குடும்பம் 1891-ல் பாரிஸ் போனது. மகனின் பங்குச் சொத்தை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டு, பட்டத்துக்காக அலைய வேண்டாம், இயந்திரவியலைக் கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பினார் அப்பா. 1892-ல் அவர் இறந்தார். கையில் பணமும், வேலைக்குப் போக வேண்டிய அவசியமில்லாத சுதந்திரமுமாக இளைஞன் பாரிஸில் இறங்கினான்.

ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றிய சாகசம்

1898-ல் பலூனில் தொடங்கினார். பிறகு பலூனில் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தி, விரும்பிய திசையில் ஓட்ட முயன்றார். ஹைட்ரஜன் நிரப்பிய பைக்குக் கீழே தீப்பொறி கக்கும் இன்ஜின் என்பது அன்று தற்கொலைக்குச் சமமான யோசனை.

செயின்ட் கிளவுட் பூங்காவிலிருந்து கிளம்பி, ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி, 30 நிமிடங்களுக்குள் திரும்புபவருக்கு ஒரு லட்சம் ஃபிராங்க் பரிசு என்று அறிவிப்பு வந்தது. 1901 ஆகஸ்டில் முயன்றபோது அவரது 5-ம் எண் வான்கப்பல் ஒரு கட்டடத்தின் மீது மோதிக் கிழிந்தது. உயிர் தப்பியதே அதிர்ஷ்டம். அக்டோபர் 19 அன்று 6-ம் எண்ணில் சாதித்தார். தரையிறங்கிய நேரத்தையும் கணக்கில் எடுக்கணுமா என்று நடுவர்கள் இழுத்தடித்த பிறகே பரிசு கைக்கு வந்தது. அதைத் தன் மெக்கானிக்குகளுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார்.

1903-ல் சின்னதாக ஒரு வான்கப்பல் கட்டி, பாரிஸ் தெருக்களின் மேலே பறந்து, வீட்டு வாசலிலேயே இறக்கி நிறுத்தினார். பறக்கும்போது பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது சிரமம் என்பதால், நண்பர் லூயி கார்டியே அவருக்காகக் கையில் கட்டும் கடிகாரம் செய்துகொடுத்தார். இன்றும் கார்டியே நிறுவனம் 'சாண்டோஸ்' என்ற பெயரில் வாட்ச் விற்கிறது.

முதலில் பறந்தது யார்?

1903 டிசம்பர் 17-ல் அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். ஆனால் கூட்டத்துக்கு நடுவே, வெளி உதவி இல்லாமல் சொந்தச் சக்கரத்தில் ஓடி மேலெழுந்தது 1906-ல் சாண்டோஸ் டூமோன்ட் கட்டிய '14-பிஸ்'. அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று சுமார் 60 மீட்டர், நவம்பர் 12 அன்று 220 மீட்டர் பறந்தது. பிரேசிலில் இன்றும் விமானத்தின் தந்தை இவர்தான். அந்தச் சண்டையை விட முக்கியமானது, அடுத்து அவர் கட்டியது.

டெமொய்செல்: எளிமையின் கணக்கு

பிரெஞ்சில் 'டெமொய்செல்' என்றால் இளம்பெண். ஊசித்தட்டானுக்கும் அதே பெயர். 1907-ல் தொடங்கி 1909 வரை இந்தச் சிறு விமானத்தை அவர் மாற்றி மாற்றி மெருகேற்றினார்.

• அளவு: ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தின் இறக்கை அகலம் சுமார் 12 மீட்டர். டெமொய்செல்லுக்குச் சுமார் 5 மீட்டர்.

• எடை: ஓட்டுபவரையும் சேர்த்தே 150 கிலோவுக்குள். டூமோன்ட்டே சுமார் 50 கிலோ எடையுள்ள குட்டை மனிதர்.

• உடல்: மூன்று நீள மூங்கில்கள், அவற்றை இறுக்கும் கம்பிகள், இறக்கைக்குப் பட்டுத்துணி.

• இருக்கை: இறக்கைக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே. இன்ஜின் தலைக்கு மேலே.

• கட்டுப்பாடு: வால் முழுவதும் ஒரே துண்டாகத் திரும்பும். கோட்டின் முதுகில் மாட்டிய நெம்புகோல் இறக்கையை முறுக்கும். அதாவது ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்தால் விமானமும் சாயும்.

1910 ஜூனில் அமெரிக்காவின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழில் இதன் வரைபடங்கள் வெளியாயின. யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். அதே காலத்தில் ரைட் சகோதரர்கள் 1906-ல் வாங்கிய காப்புரிமையை வைத்து நீதிமன்றங்களில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், டெமொய்செல் ஓப்பன் சோர்ஸ்.

அதே ஆண்டு, சென்னையில்

1910 மார்ச்சில், இந்த வரைபடம் வெளிவரும் முன்பே, சென்னை பல்லாவரத்தில் ஒரு விமானம் சோதித்துப் பார்க்கப்பட்டது. கட்டவைத்தவர் விமானியோ பொறியாளரோ இல்லை, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். வடிவம் அவருடையது, கட்டுமானம் சிம்ப்சன் பட்டறையில். பிறகு தீவுத்திடலில் மக்களுக்கும் பறந்து காட்டினார். அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் போனது 1911 பிப்ரவரி 18-ல்தான். பட்டறையும் துணிச்சலும் இருந்தால் விமானம் கட்டலாம் என்ற நம்பிக்கை அப்போது உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

கொடுத்தவரைத் துரத்திய கேள்வி

1910-லேயே டூமோன்ட் பறப்பதை நிறுத்திவிட்டார். உடல்நலம் கெட ஆரம்பித்திருந்தது. அடுத்த ஆண்டே லிபியாவில் இத்தாலியர்கள் விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள். டெமொய்செல்லில் பறக்கக் கற்ற ரோலண்ட் கேரோஸ், 1915-ல் விமானத்தின் முன்பக்கம் இயந்திரத் துப்பாக்கி பொருத்தி எதிரி விமானங்களை வீழ்த்தினார். பாரிஸில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடக்கும் மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

1914-ல் போர் வெடித்தபோது, கடற்கரை வீட்டில் தொலைநோக்கி வைத்திருந்த டூமோன்ட்டை ஜெர்மன் உளவாளி என்று சந்தேகித்தார்கள். மனம் நொந்து தன் காகிதங்களை எரித்தார். 1926-ல், விமானத்தைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்தத் தடை வேண்டும் என்று சர்வதேச சங்கத்திடம் கேட்டார். நடக்கவில்லை. 1928-ல் கப்பலில் பிரேசில் திரும்பியபோது, வரவேற்க வந்த, அவர் பெயர் தாங்கிய கடல்விமானம் ரியோ விரிகுடாவில் விழுந்து அதிலிருந்த எல்லோரும் இறந்தார்கள்.

1932 ஜூலையில் பிரேசிலில் உள்நாட்டுப் போர் மூண்டது. இரு தரப்பிலும் பிரேசில்காரர்களே, மேலே விமானங்கள். அந்த மாதம் 23-ம் தேதி, குவாருஜா கடற்கரை நகரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று நாள் முன்புதான் 59 வயது முடிந்திருந்தது. நீண்டகால நோயும் மனச்சோர்வும் இருந்ததால் ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் தான் பரப்பிய பொருள் என்ன ஆனது என்ற வேதனை அவருக்கு இருந்தது உண்மை.

இன்று ஒருவர் கட்டலாமா?

டெமொய்செல்லின் நகல்களை ஆர்வலர்கள் பிறகும் கட்டியிருக்கிறார்கள். இன்னும் நடைமுறைக்கு ஏற்ற பழைய மாடல் என்றால் அமெரிக்காவின் பீட்டன்போல் ஏர் கேம்பர். ஃபோர்டு மாடல்-ஏ கார் இன்ஜினை வைத்து 1929-ல் பறந்த மர விமானம் அது. வரைபடம் வாங்கிக் கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் கட்டுவதை விட அனுமதிதான் பெரிய மலை. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், அதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்ய 2017 வரை போராட வேண்டியிருந்தது. ஆசை இருப்பவர்கள் மூங்கிலை வாங்கும் முன் விதிமுறைகளைப் படித்துவிடுவது நல்லது. வரைபடம் நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அது எங்கேயும் ஓடிப்போகாது.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)