மராமத்து இலாகாவிலிருந்து வந்த ராஜா

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ராஜா தீன் தயாள் என்ற பெயர் எங்காவது காதில் விழுந்திருக்கும். நிஜாம் காலத்து அரண்மனைகள், யானை ஊர்வலங்கள், தலைப்பாகையும் வாளுமாக நிற்கும் நவாபுகள் என்று பழைய படங்கள் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அவற்றில் பல அவருடைய ஸ்டூடியோவில் பிறந்தவை. ஆனால் அவர் பிறவியிலேயே ராஜா அல்ல. அரண்மனையோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் மராமத்து இலாகாவில் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இவரைப் பற்றித் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நிருபராகப் போயிருந்தேன். செய்தியோடு படமும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரவல் காமிராவில் முப்பது படம் எடுத்தேன். சிறப்பு விருந்தினருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் சாயங்கால வெயில். முப்பதிலும் விருந்தினர் முகம் கரிக்கட்டை! செய்தி படமில்லாமல் வந்தது. காமிரா நல்ல காமிராதான். பின்னே குறை எதில் என்று யோசித்தபோதுதான், பேட்டரியும் பல்பும் இல்லாத காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த இந்த மனிதரின் வாழ்க்கை கைக்கு அகப்பட்டது.

தீன் தயாள் 1844-ல் மீரட் அருகே சர்தானா என்ற ஊரில், நகை வியாபாரம் செய்யும் ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். வைரத்தின் நீரோட்டத்தைப் பார்த்து விலை சொல்லும் குலத்தொழிலை விட்டு, ரூர்க்கியில் இருந்த தாம்சன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். நம் நாட்டில் முதன்முதலாக ஏற்பட்ட பொறியியல் கல்லூரி அது. நில அளவை, வரைபடம், கட்டுமானக் கணக்கு ஆகியவற்றைக் கற்று, 1866-ல் இந்தூரில் மராமத்து இலாகாவில் தலைமை எஸ்டிமேட்டராகவும் டிராப்ட்ஸ்மேனாகவும் வேலையில் அமர்ந்தார். நல்ல உத்தியோகம், வயது இருபத்திரண்டு. சாதாரணமாகப் பார்த்தால் கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

சுமார் முப்பது வயதில் காமிரா அவர் கைக்கு வந்தது. அந்தக் காலத்துப் போட்டோ வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். ஒரு கண்ணாடித் தகட்டை மாசு மருவில்லாமல் துடைக்க வேண்டும். அதன்மேல் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து எல்லா மூலைக்கும் சமமாக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி உப்புக் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் செருகிப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே மறுபடி இருட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவியாக வேண்டும். எல்லாம் சில நிமிஷத்துக்குள். கோடையில் மத்திய இந்தியாவின் வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போகிறவர் இருட்டறையையும் கூடாரமாகக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கண்ணாடி, ரசாயனப் புட்டி, தண்ணீர், முக்காலி எல்லாம் மாட்டு வண்டியில்.

அப்படியானால் ஒரு தகடு என்பது ஒரு தடவைதான். முப்பது எடுத்து ஒன்றைப் பொறுக்கும் பேச்சே கிடையாது. வெயில் எந்தப் பக்கம் திரும்பும், எத்தனை மணிக்குத் தூணின் நிழல் சிற்பத்தின் முகத்தை விட்டு நகரும், காமிராவை எத்தனை அடி தள்ளி வைத்தால் கோபுரம் சாயாமல் நிற்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். இது எஸ்டிமேட் வேலைதானே! மற்றவர்கள் காமிராவைக் கற்றுக்கொண்ட பிறகு கணக்கைக் கற்றார்கள். தீன் தயாள் கணக்கோடு வந்தவர். அவருடைய பெருமைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தூர் மகாராஜா துக்கோஜிராவ் ஹோல்கரும், மத்திய இந்தியாவுக்கான கவர்னர் ஜெனரலின் ஏஜெண்ட் ஹென்றி டேலியும் அவரை ஆதரித்தார்கள். 1875-76-ல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், இந்தியாவுக்கு வந்தபோது அவரைப் படமெடுக்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனாலும் பகலில் ஆபீஸ்தான்.

டேலிக்குப் பின் வந்த லெப்பல் கிரிபின் 1882-ல் புந்தேல்கண்ட் சுற்றுப்பயணம் போனபோது தீன் தயாளையும் அழைத்துச் சென்றார். குவாலியர் கோட்டை, கஜுராஹோ கோயில்கள், ஓர்ச்சா, ததியா என்று பல இடங்களில் எடுத்த படங்கள் 1886-ல் மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்களைப் பற்றிய பெரிய நூலாக லண்டனில் வெளிவந்தன. இந்தப் படங்களைச் சற்று நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். சுவரின் கோடு செங்குத்தாக நிற்கிறது. கல்லில் செதுக்கிய பூ ஒவ்வொன்றும் தனித்துத் தெரிகிறது. பல படங்களில் மூலையில் ஒரு மனிதர் நிற்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். அவரை வைத்துத்தான் தூணின் உயரம் நமக்குப் புலப்படும். வரைபடத்தில் அளவுகோல் போடுவது போல ஆளைப் போட்டிருக்கிறார். ஆனால் அந்த ஆள் வெறும் அளவுகோலாக நின்றுவிடுவதும் இல்லை. இவ்வளவு பெரிய கட்டடத்தின் நிழலில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணம், பார்ப்பவர் மனதில் ஏதோ செய்கிறது.

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. சர்க்கார் சம்பளத்தில் இருந்துகொண்டு இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது என்பது தெரிந்துவிட்டது. ஒரேயடியாக ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிடவில்லை. முதலில் நீண்ட லீவு போட்டார். லீவில் தொழிலை நடத்திப் பார்த்தார். நடக்கும் என்று தெரிந்த பின்பே உத்தியோகத்தை விட்டார். சர்வீஸ் புத்தகத்தோடு வாழ்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். அதுவரை போட்டோ எடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்த இந்தியர் என்று சுட்டிக்காட்ட ஆள் அதிகம் இல்லாத காலம். துணிச்சலிலும் எஸ்டிமேட் போட்டே இறங்கினார் என்று சொல்லலாம்.

1885-ல் வைசிராயின் போட்டோகிராபர் என்ற நியமனம் கிடைத்தது. ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் கவனமும் அவர்மேல் விழுந்தது. 1886-ல் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தார். நிஜாமின் அரண்மனைப் போட்டோகிராபர் ஆனார். 1894-ல் ராஜா பகதூர் முசவ்விர் ஜங் என்ற பட்டத்தை நிஜாம் வழங்கினார். முசவ்விர் என்றால் உருவம் வரைபவர், ஓவியர் என்று பொருள். காமிராக்காரரை ஓவியர் என்று ஒரு மன்னர் அழைத்தது அந்நாளில் சின்ன விஷயம் அல்ல.

1892-ல் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றை ஐதராபாத்தில் ஏற்படுத்தினார். கோஷா முறை கடுமையாக இருந்த ஊர். உயர்குலப் பெண்கள் அந்நிய ஆடவர் முன் வரமாட்டார்கள். ஆகையால் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில், வெளி ஆண்வாடை இல்லாதபடி அதை நடத்தினார். வியாபாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தங்கள் முகத்தைத் தாங்களே ஒரு படத்தில் பார்க்க அந்தப் பெண்களுக்கு வாய்த்திருக்குமா என்பது சந்தேகம். 1896-ல் பம்பாயிலும் பெரிய ஸ்டூடியோ திறந்தார்.

தொழில் இவ்வளவு பெருகியபோது எல்லாப் படத்தையும் அவரே எடுத்திருக்க முடியாது. மகன்கள் ஞான் சந்தும் தரம் சந்தும் கூட இருந்தார்கள். உதவியாளர்கள், அச்சுப் போடுகிறவர்கள், தகட்டில் சில்லறைத் திருத்தம் செய்கிறவர்கள் என்று பெரிய பட்டாளமே வேலை செய்தது. அதனால் தீன் தயாள் படம் என்று நாம் சொல்வதில் எத்தனை அவர் கைப்பட எடுத்தவை என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றும் பதில் இது: ஸ்டேஷனில் வண்டியை ஓட்டுபவர் ஒருவர், கொடி காட்டுபவர் ஒருவர், ஆனால் கால அட்டவணை போட்டவர் யாரோ அவருடைய மூளைதான் வண்டியை நேரத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த ஸ்டூடியோவின் ஒழுங்கு அவருடையது. தகடுகளில் எண்ணும் பெயரும் பொறிக்கும் பழக்கமும் அப்படித்தான். ஆபீஸில் கற்ற பாடம். இன்று அந்தப் படங்களை அடையாளம் கண்டு வரிசைப்படுத்த முடிகிறதென்றால் அதற்கு அந்த எண்களும் ஒரு காரணம்.

இன்னொரு குறையும் சொல்வார்கள். ராஜாக்களையும் துரைமார்களையும் மட்டுமே எடுத்தார், காசு கொடுத்தவர் பக்கமே காமிராவைத் திருப்பினார் என்று. 1902-ல் வாரங்கல் பகுதியில் வேட்டையாடிய கர்சன் பிரபு, தம் மனைவியோடு, செத்த புலியை முன்னால் போட்டு நிற்கும் படம் உலகப் பிரசித்தம். அது அவருடையதே. படத்தில் எல்லாம் முறையாக இருக்கிறது, ஒளி உட்பட. பார்க்கத்தான் மனம் ஒப்பவில்லை.

ஆனால் அதே வருஷங்களை ஒட்டி, அதே ஸ்டூடியோவிலிருந்து வந்த வேறு படங்களும் உண்டு. 1899-1900-ல் தக்காணத்தையும் மேற்கு இந்தியாவையும் பெரும் பஞ்சம் வாட்டியது. நிஜாம் சர்க்காரின் நிவாரணப் பணிகளைப் பதிவு செய்யும் வேலை அவரிடம் வந்தது. சர்க்கார் கேட்டது தன் தர்மத்துக்குச் சாட்சி. அவுரங்காபாத்தில் எடுத்த ஒரு படத்தில் இடுப்புத் துணியோடு இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். நவாபுகளை எடுத்தபோது இருந்த அதே நிதானம், அதே நேர்த்தியான ஒளி. அழகுபடுத்தவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. சர்க்காரின் தர்மம் நம் கண்ணில் படுவதற்கு முன் அந்த எலும்புகள் படுகின்றன. அவர் அதை உத்தேசித்து எடுத்தாரா, தொழில் சுத்தத்தினால் தானாக அமைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. புலிப் படத்தைப் பார்த்து அவர்மேல் வந்த கோபம் எனக்கு இந்தப் படத்தில்தான் தணிந்தது.

1903-ல் டெல்லி தர்பார் நடந்தது. அதையும் படமெடுத்தார்கள். அதன் பிறகு தாழ்வுதான். மகன் தரம் சந்த் 1904-ல் காலமானார். அடுத்த ஆண்டு, 1905 ஜூலையில், தீன் தயாளும் மறைந்தார். வயது அறுபத்தொன்று. ஞான் சந்த் சில காலம் தொழிலை நடத்தினார். ஆனால் கையில் அடங்கும் காமிரா வந்துவிட்ட காலம் அது. பழைய ராஜ ஸ்டூடியோக்களின் மவுசு குறைந்தது.

கண்ணாடித் தகடுகள் மட்டும் குடும்பத்தாரிடம் இருந்தன. தலைமுறைகள் கடந்து, 1989-ல் அவற்றில் 2,857 தகடுகளை டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் வாங்கிப் பாதுகாப்பில் வைத்தது. 2006-ல் அவர் நினைவாகத் தபால் தலை வெளியாயிற்று. கண்ணாடி ஆயிற்றே, எத்தனை உடைந்து போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேதான் அந்த எண்ணிக்கையைப் படித்தேன். கோடைக்கு அஞ்சி, மழைக்கு அஞ்சி, வீடு மாற்றும்போதெல்லாம் வைக்கோல் சுற்றியோ துணி சுற்றியோ யாரோ அவற்றைப் பத்திரமாக இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். பார்சல் ஆபீஸில் ஆறு வருஷம் இருந்தவன் என்ற முறையில் அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும்.