காற்றைக் கட்டிப்போட்ட கவுண்ட் ரம்ஃபோர்டு

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதின எல்லாருக்கும் ஃபூரியர் தெரியும். நியூட்டன், ஸ்டெஃபான், போல்ட்ஸ்மான் தெரியும். அவங்க பேர்ல எல்லாம் ஒரு விதி இருக்கு, அதுல கணக்கு வரும், மார்க் வரும். ரம்ஃபோர்டு பேர்ல நம்ம சிலபஸ்ல ஒரு ஃபார்முலாவும் கிடையாது. பீரங்கியைத் துளைக்கும்போது வந்த சூட்டைப் பார்த்து, வெப்பம் ஒரு பொருள் இல்லை என்று சொன்னவர் என பிளஸ் ஒன் பிசிக்ஸில் கொஞ்சம் படித்திருப்போம். அதோட சரி.

ஆனால் குளிர் நாடுகளில் வீட்டு சீலிங்குக்கு மேலே கண்ணாடிக் கம்பளியை மெத்தை மாதிரி விரிக்கிறார்களே, அது ஏன் வீட்டைச் சூடாக வைக்கிறது என்ற கேள்விக்கு 230 வருடங்களுக்கு முன்பே தெர்மாமீட்டரை வைத்துப் பதில் தேடியவர் இவர்தான். இவரோட வாழ்க்கையும் சாதாரண வாழ்க்கை இல்லை. ஹீரோவா வில்லனா என்று கடைசி வரை முடிவு பண்ண முடியாத ஆள்.

கடைப் பையன், மேஜர், உளவாளி

இயற்பெயர் பெஞ்சமின் தாம்ப்சன். 1753 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள வோபர்ன் என்ற ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 13 வயதில் சேலம் நகரத்தில் ஒரு வியாபாரியின் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள் (நம்ம சேலம் இல்ல, இது அமெரிக்க சேலம்). பட்டாசு செய்து பார்க்கிறேன் என்று உடம்பைச் சுட்டுக்கொண்டதும் இந்த வயசுலதான். டிகிரி எதுவும் படிக்கவில்லை. நண்பர் ஒருவரோடு ஹார்வர்டுக்கு நடந்தே போய் சில விரிவுரைகளைக் கேட்டதுதான் அவரது கல்லூரிப் படிப்பு.

19 வயதில், தன்னைவிட வயதில் மூத்த, வசதியான ஒரு விதவையை மணந்தார். அந்தத் திருமணம் அவரைப் பெரிய மனிதர்கள் வட்டத்துக்குள் கொண்டுபோனது. நியூ ஹாம்ப்ஷயர் கவர்னர் அவரை நேரே மேஜர் ஆக்கினார். அப்போது அமெரிக்காவில் சுதந்திரப் போராட்டம் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. தாம்ப்சன் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றார். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதி பிரிட்டிஷ் படைக்குத் தகவல் அனுப்பினார். 1776-ல் பிரிட்டிஷ் படை பாஸ்டனைக் காலி செய்தபோது லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவியையும் குழந்தையையும் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டார். அந்த மனைவியை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. மகள் சாராவை மறுபடியும் பார்த்தது 1796-ல். அப்போது அவளுக்கு 21 வயது. நம்ம வயசு.

லண்டனில் அரசாங்க வேலை கிடைத்தது. வெடிமருந்தில் செய்த சோதனைகளுக்காக 1779-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்தது. 1784-ல் சர் பட்டம். அடுத்து ஜெர்மனியின் பவேரியா, அதன் ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் வேலை.

சட்டைத் துணியில் தொடங்கிய ஆராய்ச்சி

ம்யூனிக்கில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு ராணுவத்தைச் சீர்படுத்துவது. சிப்பாய்களுக்குச் சரியான உடுப்பு வேண்டும், செலவும் குறைய வேண்டும். அதே நகரத்தில் பிச்சை எடுப்பவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். 1790 ஜனவரி 1 அன்று ராணுவ அதிகாரிகளை இறக்கி அவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார். பிடித்து ஜெயிலில் போடவில்லை. சூடான அறை, சூடான சாப்பாடு, ராணுவ உடுப்பு தயாரிக்கும் வேலை, எல்லாம் ஒரே கட்டிடத்தில். பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டு மலிவான ஒரு சூப்பையும் உருவாக்கினார். இது கருணையா, இல்ல கூலி குறைவான ஃபேக்டரியா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் மார்கழியைவிடப் பல மடங்கு மோசமான ஒரு குளிர்காலத்தில் அவர்களுக்குச் சூடான அறை கிடைத்தது என்பது உண்மை.

உடுப்பு என்று வந்ததும் அவருக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டார். கம்பளி ஏன் உடம்பைச் சூடாக வைக்கிறது? ரோமம் ஏன் அதைவிட நன்றாக வைக்கிறது? பதில் தேட அவர் செய்த கருவி ரொம்ப எளிமையானது. ஒரு கண்ணாடி உருண்டைக்குள் தெர்மாமீட்டரின் குமிழ். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சோதிக்க வேண்டிய பொருளை நிரப்ப வேண்டும். முழுவதையும் கொதிக்கும் தண்ணீரில் சூடாக்கி, பிறகு பனிக்கட்டியில் வைத்து, குறிப்பிட்ட அளவு குளிர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். அவ்ளோதான்.

பட்டு, ஆட்டுக் கம்பளி, பஞ்சு, லினன் நார், பீவர் ரோமம், முயல் ரோமம், ஈடர் வாத்தின் மெல்லிய உள்ளிறகு என்று வரிசையாகச் சோதித்தார். ஒவ்வொன்றிலும் ஒரே எடை. உள்ளே எதுவும் இல்லாமல் வெறும் காற்று மட்டும் இருந்தபோது பத்து நிமிடத்துக்குள் குளிர்ந்துவிட்டது. பஞ்சு போட்டால் 17 நிமிடத்துக்கு மேல். முயல் ரோமம் போட்டால் ஏறக்குறைய 22 நிமிடம்.

இங்கேதான் விஷயம் இருக்கு. அந்தப் பொருட்கள் அடைத்துக்கொண்ட இடம் ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் காற்றுதான். அதே இடத்தில் நான்கு மடங்கு உள்ளிறகை அடைத்தபோதும் நேரம் நான்கு மடங்கு ஆகவில்லை, கொஞ்சம்தான் கூடியது. அப்படியென்றால் சூட்டைப் பிடித்து வைப்பது ரோமம் இல்லை. ரோமத்தின் இடையில் மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் நிற்கும் காற்று. இந்த வேலைக்காக 1792-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலகட்டத்திலேயே கவுண்ட் என்ற பிரபுப் பட்டமும் வந்தது. தன் மனைவியின் ஊருக்கு முன்பு இருந்த பெயரை எடுத்து ரம்ஃபோர்டு என்று வைத்துக்கொண்டார். விட்டுவிட்டு வந்த ஊரின் பெயரை!

காற்று நகர்வதுதான் பிரச்சினை என்பது அவருக்கு இன்னொரு வழியிலும் உறுதியானது. சூடான ஆப்பிள் பையைச் சாப்பிட்டு வாயைச் சுட்டுக்கொண்டதிலிருந்து, அது ஏன் தண்ணீரைவிட இவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆல்கஹால் நிரப்பிய ஒரு பெரிய தெர்மாமீட்டரை ஆறட்டும் என்று ஜன்னலில் வைத்திருந்தார். வெயில் பட்டபோது உள்ளே இருந்த தூசிகள் நடுவில் மேலேறி, ஓரமாகக் கீழிறங்கிச் சுற்றுவது தெரிந்தது. நாம இப்போ கன்வெக்ஷன் என்று படிப்பது இதைத்தான்.

சீலிங்குக்கு வருவோம்

குளிர் நாட்டு வீடுகளில் சாய்வான கூரைக்கும் அறையின் சீலிங்குக்கும் நடுவே ஒரு காலி இடம் இருக்கும். அட்டிக் அல்லது லாஃப்ட் என்பார்கள். அது முழுக்கக் காற்றுதானே, அதுவே இன்சுலேஷன் ஆகாதா? ஆகாது. ரம்ஃபோர்டின் வெறும் காற்று உருண்டை மாதிரிதான் அதுவும். காற்று உள்ளே சுற்றிச் சுற்றி வந்து சூட்டைக் கூரைக்குக் கடத்திவிடும். அந்தக் காற்றை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடுக்குகளில் கட்டிப்போடத்தான் கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி, காகிதத்தில் செய்த செல்லுலோஸ் எல்லாம்.

அசையாத காற்றின் தெர்மல் கண்டக்டிவிட்டி சுமார் 0.025. கண்ணாடிக் கம்பளிக்கு 0.04-க்குப் பக்கம். செல்லுலோஸும் ஆட்டுக் கம்பளியும்கூட அதை ஒட்டித்தான் வரும். முயல் ரோமத்துக்கும் பஞ்சுக்கும் இருந்த வித்தியாசம் எவ்வளவு, வெறும் காற்றோடு இருந்த வித்தியாசம் எவ்வளவு என்று மேலே ஒருமுறை பாருங்க. அதே கதைதான். எந்தப் பொருள் என்பதைவிட எவ்வளவு தடிமன், எவ்வளவு ஒழுங்காக விரித்தது என்பதுதான் முக்கியம். பொருளைத் தேர்வு செய்யும்போது தீ பிடிக்குமா, ஈரம் தாங்குமா, எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு. 100 சதுர மீட்டர் சீலிங், உள்ளேயும் வெளியேயும் 20 டிகிரி வித்தியாசம். இன்சுலேஷனை மட்டும் கணக்கில் எடுத்தால், 100 மி.மீ. தடிமனில் 800 வாட் வெளியே போகும். 200 மி.மீ. ஆக்கினால் 400 வாட். 300 ஆக்கினால் 267 வாட். இரண்டாவது அடுக்கு 400 வாட்டை மிச்சப்படுத்துகிறது, மூன்றாவது 133-ஐத்தான். அதனால்தான் ஒரு அளவுக்கு மேல் போட்டுக்கொண்டே போவதில்லை. பிரிட்டனில் லாஃப்டுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 270 மி.மீ. பழைய வீட்டில் 100 மி.மீ. இருந்தால் அதைப் பிடுங்கத் தேவையில்லை. காய்ந்து நல்ல நிலையில் இருந்தால், மரச்சட்டங்களுக்குக் குறுக்கே 170 மி.மீ. அடுக்கு ஒன்றை மேலே விரித்தால் போதும். சட்டங்கள் வழியாகப் போகும் சூட்டையும் அது மூடிவிடும்.

தவறுகள் நடப்பதும் காற்றை மறப்பதால்தான். பெட்டி சாமானை மேலே வைத்து நசுக்கினால் தடிமனோடு காற்றும் போய்விடும். நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும், தண்ணீர் காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். சீலிங்கில் விளக்கு, பைப் போகும் ஓட்டைகளை அடைக்காமல் விரித்தால் அறையின் சூடான காற்றே மேலேறிப் போய்விடும். கூரை ஓரத்தில் காற்று வர விட்ட வழியை மட்டும் மூடக் கூடாது. மூடினால் ஈரம் சேர்ந்து மரம் கெடும்.

லண்டன் புகையும் பாரிஸ் வீடும்

ஓட்டை வழியாகச் சூடு போவதை ரம்ஃபோர்டு லண்டனில் நேரடியாகவே பிடித்தார். அங்கே வீடுகளில் கணப்பு அடுப்பு ஒரு பெரிய சதுரக் குகை மாதிரி இருந்தது. அறையின் சூடான காற்றைப் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதில் கதவு இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். புகை வேறு. 1796-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர் சொன்ன தீர்வு எந்தக் கொத்தனாரும் செய்யக்கூடியது. பின்சுவரை முன்னே கொண்டுவா, பக்கச் சுவர்களைச் சாய்த்து விரி, புகை போகும் கழுத்தைச் சுமார் 4 அங்குலமாகக் குறுக்கு. வசதியான வீடுகள் எல்லாம் ரம்ஃபோர்டு அடுப்புக்கு மாறின. ஜேன் ஆஸ்டின் நாவல் ஒன்றில்கூட அது வருகிறது. அவர் அதற்குப் பேட்டன்ட் வாங்கவில்லை.

1798-ல் பீரங்கிச் சோதனையை வெளியிட்டார். மழுங்கிய துளைப்பானை இரண்டரை மணி நேரம் சுற்றி, உராய்வின் சூட்டிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தார். 1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் உருவாக முன்னால் நின்றார். ஹம்ஃப்ரி டேவியை அங்கே வேலைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் யாரோடும் ஒத்துப்போகத் தெரியாதவர். அங்கேயும் சண்டை, பாரிஸுக்குப் போய்விட்டார்.

1805-ல் லவாய்ஸியேவின் விதவை மேரி ஆனை மணந்தார். வெப்பம் ஒரு பாய்மம், அதன் பெயர் கலோரிக் என்ற கொள்கைக்குப் பெரிய பெயர் லவாய்ஸியே, அதை எதிர்த்தவர் ரம்ஃபோர்டு. வீட்டில் சண்டை வந்தது இயற்பியலால் இல்லை. அவளுக்கு விருந்தாளிகள் வேண்டும், இவருக்கு அமைதி வேண்டும். விருந்தாளிகள் வரக் கூடாது என்று இவர் கேட்டைப் பூட்டினார். அவள் இவருடைய பூச்செடிகள் மேல் கொதிநீரை ஊற்றினாள். 1809-ல் பிரிந்தார்கள். கடைசி வருடங்களில் பாரிஸை ஒட்டிய ஓட்டோயில் வாழ்ந்தார். வெள்ளை நிறம் வெப்பத்தைக் குறைவாக வெளியே விடும் என்று நம்பி, குளிர்காலத்தில் ஊரே கறுப்பு உடுத்தும்போது வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக நடந்தார். 1814 ஆகஸ்ட் 21 அன்று அங்கேயே இறந்தார்.

அவர் சொன்னதெல்லாம் சரியும் இல்லை. காற்றும் தண்ணீரும் கொஞ்சம்கூட வெப்பம் கடத்தாது என்று அடித்துச் சொன்னார். அது தப்பு. காற்று கடத்தும், ரொம்பக் குறைவாக. ஆனால் அவர் நிறுவிய ரம்ஃபோர்டு பதக்கத்தை ஃபாரடேயும் மேக்ஸ்வெல்லும் வாங்கியிருக்கிறார்கள், ராயல் சொசைட்டி இன்றும் அதைக் கொடுக்கிறது.

மனைவியை விட்டு ஓடினவர், உளவு சொன்னவர், போன இடமெல்லாம் சண்டை போட்டவர். இதை மறைத்து அவரை மகான் ஆக்க வேண்டாம். ஆனா ஒண்ணு. வெப்பம் என்றால் என்ன என்று மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, சிப்பாயின் சட்டை, ஏழையின் சூப், வீட்டின் அடுப்பு என்று அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் எது என்று பார்த்தவர் அவர். அடுத்த தடவை கே மதிப்பு அட்டவணையைப் புரட்டும்போது, காற்று என்ற வரியில் ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த எண்ணுக்குப் பின்னால் இந்த மனுஷனும் இருக்கார்.