அணைன்னு தேடுவதா, பழுதுபார்ப்புன்னு தேடுவதா? ரங்கநாதன் போட்ட முக்காற்புள்ளி

சங்கராபரணி ஆற்றில் செல்லிப்பட்டு படுகை அணை இருக்கிறது இல்லையா? அதன் பழுதுபார்ப்பு பற்றி ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அணைன்னு தேடுவார், இன்னொருவர் பழுதுபார்ப்புன்னு தேடுவார். முதலாமவருக்கு அது பொருள், அடுத்தவருக்கு வேலை. ஒரு பெயரில் மட்டும் வைத்தால் மற்றவர் வெறுங்கையோடு திரும்புவார். ஐடி வேலையில் ஆப்ஜெக்ட் மாடலை ப்ராசஸ் மாடலாக மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது பழகிய தலைவலி.

கம்ப்யூட்டர் வராத காலத்திலேயே இதைக் கையில் எடுத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892ல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். முதலில் லண்டனில் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான் பார்த்தார். அதே துண்டுகள்தான், நட்டு போல்ட் போட்டு மாற்றி மாற்றிச் சேர்த்தால் வேறு வேறு வண்டி. புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சேர்க்கலாமே என்று பொறி தட்டியது. நட்டு போல்ட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி. 1933ல் கோலன் வகைப்பாடு வெளிவந்தது.

பின்னாளில் எல்லாத் துண்டுகளையும் ஐந்து வகைக்குள் கொண்டுவந்தார்: ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். ஆளுமை என்றதும் மனிதக் குணம் என்று நினைக்க வேண்டாம் (பெயர் கொஞ்சம் குழப்பம்தான்). நம் அறிக்கையில் அணைதான் ஆளுமை. பழுதுபார்ப்பு, ஆற்றல். செல்லிப்பட்டு, இடம்.

சரி, தேடுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்குத்தான் சங்கிலி முறை. அலமாரி எண்ணில் பொருள் முன்னால், செயல் பின்னால் வரும். அகரவரிசை அட்டவணை எழுதும்போது கடைசிக் கண்ணியில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். பழுதுபார்ப்பு, அணை என்று ஒரு பதிவு. அணை, நீர்ப்பாசனம் என்று அடுத்தது. எந்தச் சொல்லில் நுழைந்தாலும் வந்து சேரும் அலமாரி ஒன்றுதான்.

எண்கள் நீளமாகிவிட்டன, பதிப்புக்குப் பதிப்பு விதிகளும் மாறின. இந்திய நூலகங்களிலேயே டியூவி முறைதான் அதிகம் பரவியது. ஆனால் ஷாப்பிங் ஆப்பில் பிராண்ட், நிறம், விலை என்று தனித்தனியாக வடிகட்டுகிறீர்களே, அது இவர் யோசித்த வழிதான்.

1962ல் பெங்களூருவில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பர் 27ல் அதே ஊரில் காலமானார்.