தோட்டத்தில் கணக்குப் பார்த்த துறவி

பாட்டியின் சாயல் மகளிடம் தோன்றாமல் பேத்தியிடம் தோன்றுவதேன் என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு வழிதிறந்தவர் ஒரு குருவானவர் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லித் தந்தோமா?

கிரகோர் மெண்டல் 1822-ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியாவில், எளிய குடியானவர் வீட்டில் பிறந்தார். படிப்புச் செலவுக்குத் திண்டாடியபோது, தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கைத் தந்து உதவினாள். 1843-இல், இன்று செக் நாட்டிலுள்ள புர்னோ நகரில், அர்ச். தோமையார் மடத்தில் அகுஸ்தீன் சபைத் துறவியானார்; 1847-இல் குருப்பட்டம் பெற்றார். 1850-இல் ஆசிரியர் தேர்வில் தோற்றார். ஆயினும் சோர்ந்துவிடாது, வியன்னா சென்று பௌதிகமும் தாவர இயலும் கற்றுவந்தார்.

1856 முதல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் மகரந்தம் மாற்றி இணைத்தார். கிடைத்த விதைகள் யாவும் உருண்டையே! அவற்றை விதைத்து வந்த விளைச்சலிலோ உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. காணாமற்போன குணம் அழியவில்லை, மறைந்தே இருந்தது என்று தெளிந்தார்.

1866-இல் இக்கட்டுரை அச்சேறியும் அறிஞர் உலகம் பெரிதும் கவனிக்கவில்லை. 1868-இல் மடாதிபதியான அவர், 1884-இல் இறைவனடி சேர்ந்தார். 1900-இல்தான் உலகம் அவர் கண்ட விதிகளை உணர்ந்தது.

தேர்வில் தோற்ற பிள்ளையை ஏசுமுன், நாம் மெண்டலை நினைப்போம். ஒரு பிடி பட்டாணியை அவன் கையில் கொடுத்து இக்கதையைச் சொல்வோம்.